மூன்று அரசியாரும் முடியாத புள்ளியும்

அரசர் சும்மா இருந்தாலே நாடு நன்றாக இருக்கும் என்று குடிமக்கள் தெரிந்துவைத்திருந்த முற்காலத்தில், கீர்த்திவளவர் என்றொரு மன்னர் இருந்தார். பாவம், அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒருநாள் காலையில் மோதிரம் மாட்டிக்கொள்ளும்போது, தமக்குப் பத்து விரல்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றே ஆணை பிறந்தது.

"நமக்கு விரல் பத்து. ஆகவே இந்நாட்டில் எதையும் பத்தாகத்தான் பிரிக்க வேண்டும். போதாவிட்டால் அதில் ஒன்றை மறுபடி பத்தாக்குங்கள். அரை, கால், முக்கால் என்று எவன் வாய்திறந்தாலும் சவுக்கடி. இனி எல்லாம் தசமம்!"

சபை 'ஆஹா' என்றது. குடிமக்களுக்கும் பத்து விரல்தான் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கடைத்தெருவில் எண்ணெய்க்காரி செங்கமலம், அரண்மனை விகடகவி வேம்பனை வழிமறித்தாள்.

"கால்படின்னு சொன்னா சவுக்கடியாமே! பின்ன நான் எப்படிய்யா யாவாரம் பண்றது?"

வேம்பன் மணலில் குந்திக் கோடு கிழித்தான். "ஒரு படியைப் பத்து பங்காக்கி நாலு பேருக்குக் கொடு. ஆளுக்கு ரெண்டு, மிச்சம் ரெண்டு. அந்த ரெண்டையும் பத்துப் பத்தா நறுக்கினா இருபது துண்டு. ஆளுக்கு அஞ்சு. ஆக, கால்படிக்கு இனிமே பேரு புள்ளி ரெண்டு அஞ்சு. அரைப்படி புள்ளி அஞ்சு. முக்கால்படி புள்ளி ஏழு அஞ்சு."

"எண்ணெய் அதேதானே?"

"அதேதான். பேருக்குத்தான் ராஜ மரியாதை."

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க இதைக் கற்றுக்கொண்டது. மன்னர் வேம்பனைச் சபையில் புகழ்ந்தார். அமைச்சர் மருதங்கிழாருக்கு வயிறு எரிந்தது. இருபது வருடமாக மன்னரைப் புகழ்ந்தும், மன்னரிடம் புகழ் வாங்கியும் வந்தவர் அவர் ஒருவரே. பழகிய தொழிலில் பங்குக்கு ஆள் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அரசே," என்று குனிந்தார் அமைச்சர். "சிங்காரத் தோட்டத்தை மூன்று அரசியாருக்கும் சமமாகத் தருவதாக வாக்களித்தீர்கள். ஒருவர் பங்கு எவ்வளவு என்று வேம்பன் தசமத்தில் செப்பேட்டில் பொறிக்கட்டும். கடைசி இலக்கம்வரை, ஒன்றும் விடாமல். முடிக்காமல் எழுந்தால் அவன் தலையை எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர். பிறர் தலை விஷயத்தில் அவர் எப்போதுமே தாராளம்.

வேம்பன் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தான். பத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு மூன்று, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றைப் பத்தாக்கினால் மறுபடியும் ஆளுக்கு மூன்று, மறுபடியும் மிச்சம் ஒன்று. இது இந்த ஜென்மத்தில் முடியாது. நிமிர்ந்து அமைச்சரைப் பார்த்தான். அவர் மீசைக்குள் சிரிப்பதைக் கண்டதும், அவருக்கும் இது தெரியும் என்று புரிந்துவிட்டது.

"ஆணைப்படியே செய்கிறேன், அரசே. ஆனால் அடியேன் அற்பன். நடுவில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டால் அரசியாருக்கு அல்லவா நஷ்டம்? ஒவ்வொன்றையும் சரிபார்த்து உரக்கப் படிக்க ஒரு மேதை வேண்டும். நம் அமைச்சரைவிட மேதை யார்?"

அமைச்சர் மறுக்க வாயெடுத்தார். மறுத்தால், தாம் மேதை இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டார்.

"நல்லது. முடியும்வரை அவரும் எழக்கூடாது," என்றார் மன்னர்.

"எழுதுகிறவனுக்குச் சாப்பாடு?"

"அரண்மனைச் சாப்பாடு, மூன்று வேளையும்."

"படிக்கிறவருக்கு?"

மன்னர் யோசித்தார். "ஓயாமல் படிக்கிற வாய்க்குள் சோறு எப்படி இறங்கும்? கஞ்சி போதும்."

வேம்பன் உட்கார்ந்தான். ஒரு புள்ளி வைத்தான். "மூன்று," என்று படித்தார் அமைச்சர். "மூன்று. மூன்று. மூன்று." வேம்பன் நெய்ச்சோறு உண்டு, வெற்றிலை மடித்துப் போட்டு, நிதானமாகப் பொறித்தான். இரண்டாம் நாள் அரண்மனையில் செப்பேடு தீர்ந்தது. மூன்றாம் நாள் சமையற்கட்டுத் தாம்பாளங்களைத் தட்டித் தகடாக்கினார்கள். நான்காம் நாள் மன்னர் குளிக்கிற செம்பு அண்டா போயிற்று.

குளிக்காத மன்னர் கோபமாக வந்தார். "இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

"கொஞ்சம் பாக்கி, அரசே," என்றான் வேம்பன், பணிவாக.

அமைச்சர் மன்னர் காலில் விழுந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "இது முடியவே முடியாது, அரசே! எத்தனை யுகம் எழுதினாலும் மூன்றுதான் வரும்!"

"அது உமக்கு எப்போது தெரியும்?"

"முதலிலேயே..." என்று சொல்லி முடித்த பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்று அமைச்சருக்கு உறைத்தது.

"தெரிந்துகொண்டா என் அண்டாவுக்கு உலை வைத்தீர்?" என்று மன்னர் கர்ஜித்தார்.

"சவுக்கடி இல்லையென்றால் இப்போதே முடித்துவிடுவேன், அரசே," என்றான் வேம்பன். மன்னர் தலையசைத்தார். அவன் புதுத் தகடொன்றை எடுத்து, 'மூன்றில் ஒரு பங்கு' என்று பொறித்து நீட்டினான்.

மன்னர் தகட்டைப் பார்த்தார். அண்டா இருந்த இடத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய அளவும் புழங்கலாம், புதியதும் புழங்கலாம், யாருக்கும் சவுக்கடி இல்லை என்று ஆணை மாறியது. வேம்பனுக்கு முத்து மாலையும், சிங்காரத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடும் கிடைத்தன.

அமைச்சருக்குப் போன குரல் நாற்பது நாள் திரும்பவில்லை. அந்த நாற்பது நாளும் ராஜாங்க காரியங்கள் வெகு வேகமாக நடந்தன என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.