ஜெபக்கனியின் விடைத்தாள்

"பள்ளிக்கூடத்துல சமயமும் தத்துவமும் சொல்லிக்கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா."

தங்கப்பழம் வாத்தியார் இப்படிக் கேட்டபோது பாறையம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே பாறையடியில் குடியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் வயதில் வாத்தியாருக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஆனாலும் ஐந்து வருஷமாக அவருக்கு அவள்தான் குரு.

"ஒரு வார்த்தை போதுமா வாத்தியாரே? கீரைக்காரிகிட்டக்கூட நாலு வார்த்தை பேரம் பேசுவீங்களே."

"நாளைக்குப் பெற்றோர் கூட்டம்மா. பாதிப் பேர் வேணுங்கறாங்க. பாதிப் பேர், சாமியைக் கோயிலோட, சர்ச்சோட, பள்ளிவாசலோட விடுங்கங்கறாங்க. நான் ஆரம்பிச்ச பாடம். நாளைக்கு நான் பேசறதுலதான் அது நிக்கும், இல்ல போகும்."

"எப்படி நடத்துறீங்க?"

இதற்குத்தான் காத்திருந்தவர்போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. மூணு மதத்துக்கும் பத்துப் பத்து நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷம் தத்துவம். ஒரு நிமிஷம் கூடாது, குறையாது. நானே நோட்ஸ் எழுதிப் போட்டுடுவேன். பிள்ளைங்க சேர்ந்து சத்தம்போட்டுப் படிக்கும். ரோட்டுல போற ஐஸ்காரரே ஒப்பிப்பார்னா பாத்துக்கோங்க."

பரீட்சைகூட வைத்துவிட்டார். பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து நீட்டினார்.

கேள்வி: உயிர் என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்.

பாறையம்மா கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள்.

'உயிர் அழிவற்றது. அது உடலைத் தாங்கி நிற்பது.'

அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே.

"முப்பத்தெட்டுப் பேர் முழு மார்க்கு," என்றார் வாத்தியார். "ஒரே ஒரு பிள்ளைதான் முட்டை. ஆடு வளர்க்கிற எஸ்தரோட மக, ஜெபக்கனி. அதுலருந்து வெள்ளிக்கிழமையானா வயித்துவலின்னு வீட்டுலயே படுத்துக்குது. நாளைக்கு எஸ்தர் வேற வந்து சட்டையைப் பிடிப்பா."

அந்தத் தாள் அடியில் இருந்தது. பாறையம்மா உருவி எடுத்தாள்.

'சார், நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு. குட்டி அசையவே இல்ல. அம்மா அது மூக்கைத் துடைச்சிட்டு வாய் வச்சு ஊதினாங்க. ரொம்ப நேரம் ஊதினாங்க. திடீர்னு காது மட்டும் ஆடுச்சு. அப்புறம் எந்திரிச்சு நின்னு பால் குடிச்சிச்சு. இவ்வளவு நேரம் இது எங்க இருந்துச்சும்மான்னு கேட்டேன். அம்மாவுக்கும் தெரியல. ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம். சோறு கூட ஆக்கல.'

பாறையம்மா எழுந்து நின்றாள்.

மடியிலிருந்த கீரையெல்லாம் மண்ணில் கொட்டியது. அவள் கவனிக்கவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

ஊருக்கு அமைச்சர் வந்தபோதுகூட அவள் எழுந்து நின்று வாத்தியார் பார்த்ததில்லை.

அவர் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் துழாவினார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. அஞ்சு போட்டுடறேன்."

"அந்தக் குட்டி எந்திரிச்சதுக்கு அஞ்சா?"

பேனா அப்படியே நின்றது.

உண்மையில் அவர் அந்தத் தாளை முழுசாகப் படிக்கவே இல்லை. நோட்ஸில் ஆடு இல்லையே என்று முதல் வரியிலேயே முட்டை சுழித்துவிட்டிருந்தார்.

இப்போது வாங்கிப் படித்தார். காது ஆடுகிற இடம் வந்தது. அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

அந்தத் தாளைக் கட்டுக்கு மேலே வைத்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல நான் என்னம்மா சொல்லட்டும்?"

"முப்பத்தெட்டுல ஏதாவது ஒண்ணை வாசிங்க. அப்புறம் இதை வாசிங்க."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்குப் பேச்சு வருதான்னு பாருங்க."