கேப்டனுக்கு யார் உயிரைக் கொடுப்பது

இதை நான் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லி, நடக்காததை நடந்ததாகச் சொல்லிவிட்டால் நாளைக்குக் கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். எல்லாம் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது என்கிறான் கூட வேலை செய்யும் ஒதிச்சாமி. எனக்குப் புதன் என்று ஞாபகம். வம்பு வேண்டாம், அந்த வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூருக்கு வெளியே எங்கள் கம்பெனி. பிளாஸ்டிக்கில் பட்டாளத்துப் பொம்மை செய்கிறோம். 'இடிப்படை' என்று பெயர். ஒரு கேப்டன், பதினோரு சிப்பாய், ஆகப் பன்னிரண்டு பேர். இவர்களுக்கு எதிரி ஜெனரல் கரப்பான். அவனும் சிப்பாய் அச்சில் வந்தவன்தான். சரியாக ஆறாமல் மூஞ்சி கோணிப்போனவர்களுக்கெல்லாம் கரப்பான் மீசை வைத்து ஜெனரல் ஆக்கிவிடுவோம்.

வேலாத்தாள் பொம்மைக்குக் கை மாட்டுவாள். ஒதிச்சாமி புருவம் எழுதுவான். நான் டப்பாவில் போட்டு மூடுவேன். எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் நாச்சிமுத்து. அவர் பத்தாவது வரை படித்தவர். எங்களுக்குப் புரியாததை வாங்கிப் படித்துப் பார்த்து, தனக்கும் புரியவில்லை என்று தெளிவாகச் சொல்லுவார்.

இடிப்படையை வைத்து முழுநீளக் கார்ட்டூன் படம் எடுக்கப்போவதாக முதலாளி சொன்னார். சென்னையிலிருந்து இளமாறன் என்று ஒரு டைரக்டர் வந்தார். பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு தடவையும் போட்டோ பிடித்துச் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்குமாம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

தாளின் முதல் வரியே எங்களை உட்கார வைத்துவிட்டது. 'இது முழுநீளப் படம்' என்று எழுதியிருந்தது.

"எதோட முழு நீளமுங்க?" என்றான் ஒதிச்சாமி.

"ஷெட்டோடதா இருக்கும்," என்றார் நாச்சிமுத்து. "ஷெட்டு அறுபத்திரண்டு அடி. அதைத் தாண்டினா பக்கத்துக் கம்பெனிக்காரன் படமாயிரும்."

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மண் கொட்டிப் போர்க்களம் செய்தோம். வாசலை மேசை அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து சன்னல் ஏறித்தான் வேலைக்கு வந்தோம்.

அடுத்த வரி, 'ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம்.'

"கல்யாணம் ஆனதுலருந்து நான் பார்த்ததே ஒம்போது படம்," என்றாள் வேலாத்தாள். "நொடிக்கு இருபத்து நாலு பார்த்தா சோறாக்கறது எப்போ?"

"அது மெட்ராஸ்காரங்களுக்கு எழுதினது. தாண்டிப் போ," என்றார் நாச்சிமுத்து.

மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. 'படத்தில் கை தெரியக் கூடாது' என்று போட்டு, அடியில் கோடும் கிழித்திருந்தது. வேலாத்தாள் பதினோரு வருஷமாகக் கை மாட்டியவள். பன்னிரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கையாக அவளே பிடுங்கி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துப்பாக்கிகளை அவரவர் காலடியில் வைத்தோம்.

"சரணடைஞ்ச மாதிரியல்ல இருக்குது," என்றான் ஒதிச்சாமி.

"கையத் தூக்காம எப்படிடா சரணடையறது? பேசாம இரு," என்றார் நாச்சிமுத்து.

இதற்குள் டைரக்டரிடமிருந்து போன் வந்தது. நாச்சிமுத்து ஒவ்வொன்றுக்கும் சரிங்க சரிங்க என்று கேட்டுவிட்டு, போனை வைக்கும்போது முகம் வெளுத்துப்போய்விட்டார்.

"மத்ததெல்லாம் அப்புறமாமா. வெள்ளிக்கிழமைக்குள்ள நம்மள்ள யாராச்சும் ஒருத்தர் கேப்டனுக்கு உசுரு கொடுக்கோணுமாமா."

 

"என்னுது சர்க்கரை வந்த உசுருங்க," என்று முதலில் ஆரம்பித்தவன் ஒதிச்சாமி. "கேப்டனுக்குக் கொடுத்தா அவனும் சண்டைக்கு நடுவுல வாக்கிங் போகோணும்."

"நான் கொடுத்தா அவன் பொம்பளையாயிருவான். மீசையோட என்ன பண்ணுவான் பாவம்," என்றாள் வேலாத்தாள்.

"நான் கொடுத்துருவேன்," என்றார் நாச்சிமுத்து. "ஆனா நான் செத்துட்டா உங்களுக்கு யாரு லீவு கொடுக்கறது?"

அது நியாயம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி என்று எனக்கு உறைத்தது.

"எனக்கு முட்டிவலிங்க," என்றேன்.

"முட்டி உடம்புல இருக்குது. உசுர்ல இல்ல," என்றார் நாச்சிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "பழனாத்தாக்கா, உங்கூட்டுக்காரர் உங்களைத் தினமும் என்னன்னு வைவாரு?" என்று கேட்டார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சூப்பர்வைசர் கேட்கிறாரே என்று சொன்னேன். "என் உசுர வாங்காதேம்பாருங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி?"

"மூணு. ஞாயித்துக்கிழமை அஞ்சாறு."

"பார்த்தியா. இருபது வருஷமா அந்த மனுஷன் உசுர வாங்கி வாங்கிச் சேர்த்திருக்குது இந்தக்கா. அதுல ஒண்ணைக் கொடுத்தா என்ன கொறைஞ்சு போயிரும்?"

எல்லாரும் என்னைப் பணக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வாங்கியது வாஸ்தவம், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லையே. கண்டுபிடிக்க முடியாவிட்டால் என் சொந்த உயிரைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனதும் அரிசிப் பானைக்குள், பீரோவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு அடியில் எல்லாம் தேடினேன். காணோம். அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இத்தனை நாளா வாங்கின உங்க உசுர நான் எங்கீங்க வெச்சேன்?"

"உசுர வாங்காத போ," என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் பாத்திரம் கொண்டுபோகாமல் கையை வீசிக்கொண்டு வாங்கியிருக்கிறேன். எல்லாம் காற்றோடு போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை டிபன் கேரியரைக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்து அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, சட்டினி போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றார். கொஞ்சமா, நிறையவா என்றேன். தேங்காயா, தக்காளியா என்றேன். இட்டிலி மேலேயா, பக்கத்திலேயா என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். சட்டென்று மூடிவிட்டேன்.

கம்பெனியில் கேப்டன் போர்க்கள ஓரத்தில் கையில்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் காதுக்கிட்டே கேரியரைக் கொண்டுபோய் மூடியை மெல்லத் திறந்தேன். அதே நேரத்தில் டைரக்டர் வந்தார். வாசல் அடைத்திருந்ததால் சன்னல் ஏறிக் குதித்தார். கால் மேசையில் இடித்தது. அறுபத்திரண்டு அடியும் ஆடியது. கேப்டன் இரண்டு தடவை அசைந்தான், திரும்பி எங்களைப் பார்த்தான், அப்படியே கீழே விழுந்து தலை உடைந்துபோனான்.

"வந்துச்சு," என்றான் ஒதிச்சாமி.

"போயிருச்சு," என்றாள் வேலாத்தாள். "என்னக்கா, அண்ணன் உசுரு இவ்வளவுதானா?"

எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டிலும் அவர் அப்படித்தான், எழுந்ததும் படுத்துவிடுவார். இருந்தாலும் பயந்துபோய் அவருக்குப் போன் போட்டேன். எடுத்து என்னடி என்றார். பாக்கி உயிர் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

டைரக்டர் மற்ற பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுங்க கையெல்லாம் எங்கய்யா?"

"வாளில பத்திரமா இருக்குதுங்க," என்றார் நாச்சிமுத்து. "கை தெரியக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்களே."

"உங்க கைய்யா. படத்துல உங்க கை தெரியக் கூடாதுன்னு எழுதினேன்."

வேலாத்தாள் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். நாச்சிமுத்து யோசித்தார். "எங்க கையத்தான் எடுக்கோணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க. இப்ப ஒதிச்சாமி கைய எடுத்துட்டா புருவம் யாரு எழுதறது?"

டைரக்டர் போர்க்களத்து மண்ணில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா இப்படி என் உசுர வாங்கறீங்க?"

"அக்கா, கேரியர், கேரியர்," என்றார் நாச்சிமுத்து.

மூடி என் கையிலேயேதான் இருந்தது. அழுத்தி மூடிவிட்டேன்.

அன்று மத்தியானமே டைரக்டர் சென்னைக்குப் போய்விட்டார். உயிர் இல்லாமல் அவ்வளவு தூரம் எப்படிப் போனாரோ. சாயங்காலம் முதலாளி வந்து, படம் நிற்காது, அடுத்த மாதம் வேறு டைரக்டர் வருகிறார், அவர் கேப்டனோடு நிறுத்த மாட்டார், பன்னிரண்டு பொம்மைக்கும் உயிர் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் என்று சொன்னார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னுடையது போய்விடக் கூடாதே என்று கேரியரும் கையுமாகக் கிளம்பினேன். பஸ் கண்டக்டரிடம் இந்த பஸ் எங்கே போகும் என்று ஏழு தடவை கேட்டேன். ரேஷன் கடைக்காரரிடம் ஒவ்வொரு அரிசியாகக் காட்டச் சொன்னேன். தையல்காரரிடம் தைத்த ஜாக்கெட்டைத் திரும்பத் துணியாக்கித் தரச் சொன்னேன். இப்படி இன்னும் ஏழு பேரிடம் போனேன். யாரும் ஏமாற்றவில்லை. டைரக்டருடையதோடு பதினொன்று சேர்ந்துவிட்டது. ஒன்று குறைந்தது. இத்தனை உயிரை ஒரு கேரியரில் வைத்துக்கொண்டு தைரியமாகத் தூங்க முடியுமா? ஆயுள் இன்சூரன்ஸ் ஏஜெண்டை வீட்டுக்கு வரச்சொன்னேன்.

"யார் பேருக்குங்கம்மா பாலிசி?" என்றார், பேனாவைத் திறந்துகொண்டு.

கேரியரை அவர் முன்னால் வைத்தேன். "இதுக்குத்தானுங்க. மேலடுக்குல நாலு, நடுவுல நாலு, அடியில மூணு."

"மூணு என்னங்கம்மா?"

"உசுருங்க. பஸ் கண்டக்டருக்கு வயசு தெரியல, நாப்பதுன்னு போட்டுக்குங்க. தையல்காரர் கண்ணாடி போடுவாரு, அது எழுதோணுங்களா? கேரியரைக் கழுவினா பாலிசி செல்லுங்களா? அடுக்கு மாத்தி வெச்சா?"

இரண்டு மணி நேரம் ஆனது. நல்ல மனுஷன், கடைசி வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு வாயைத் திறந்தார்.

நான் அடியடுக்கைக் கழற்றி நீட்டினேன்.