ஈக்குக் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில் ஈக்குக் கண் வெள்ளையாக இருந்தது. பேச்சும் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. "நாங்கள் உட்கார்ந்த மீன் எங்களுக்குச் சொந்தம்" என்று ஈக்கள் ஒரு சட்டம் போட்டிருந்தன. கடற்கரையில் இருந்த மீனவர்களும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள். அப்போதைய வெயில் அப்படி. உப்பிட்டுப் பரப்பிய மீன், ஈ தூங்கி எழுவதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த மீனை ஈ சீண்டாது.

ஒரு வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. மழைக்கு முந்தின நாள்தான் கயிலன் வள்ளம் நிறையச் சூரை மீன் கொண்டுவந்திருந்தான். இனித் தை மாதம் வரை கடலுக்குப் போக முடியாது. அவனும் அவன் மனைவி செம்பாயியும் நான்கு பிள்ளைகளும் அந்த மீனை வைத்துத்தான் உயிர் பிழைக்க வேண்டும். வெயிலோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஈத்தலைவர் கூரை இடுக்கில் வந்து உட்கார்ந்தார்.

"செம்பாயி, மீன் இன்னும் ஈரமாமே. மழை கொஞ்சம் ஓயட்டும், என் சனத்தோடு வருகிறேன். எல்லாரும் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்காருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈக்கள் வருவதற்குள் மீனைக் காயவைத்துவிட வேண்டும் என்று செம்பாயி அடுப்பைப் பற்றவைத்தாள். மீனைத் துண்டு போட்டு உப்புத் தண்ணீரில் அவித்தாள். அடுப்புக்கு மேலே பனைமட்டைப் பரண் கட்டி அதில் அடுக்கினாள். அவித்து முடித்தபோது விறகும் தீர்ந்துபோனது. கயிறு திரிக்கக் காயலில் ஊறப்போட்டிருந்த தேங்காய் மட்டைதான் மிச்சம். அதை அள்ளிவந்து தணலில் திணித்தாள்.

தீ எரியவில்லை. புகை கிளம்பி வீட்டை அடைத்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள்.

"ஊறின மட்டையப் போயி யாராவது அடுப்புல வைப்பாங்களா? உனக்கென்ன கிறுக்கா?" என்று கயிலன் மட்டையை இழுக்கப் போனான்.

செம்பாயி அவன் கையைப் பிடித்தாள். வேவு பார்க்க வந்த ஒற்றை ஈ பரணுக்குப் பக்கத்தில் போய், தலைசுற்றித் தரையில் விழுந்து கிடந்தது.

"இழுக்காதீங்க. காயல்ல கிடக்குற மட்டை பூராவையும் கொண்டாங்க" என்றாள்.

மழை ஓய்ந்தது. ஈக்கூட்டம் கரையை இருட்டாக்கிக்கொண்டு வந்தது. செம்பாயி கதவை அகலத் திறந்துவிட்டு வாசலில் நின்றாள்.

"வாங்க ஈயாரே. சட்டப்படி, உட்கார்ந்தா மீன் உங்களுக்கு. உட்காரலைன்னா?"

"உட்காராவிட்டால் உனக்கும் உன் வம்சத்துக்கும்" என்று ஈத்தலைவர் கரையெல்லாம் கேட்கச் சொன்னார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்த வாயோடு உள்ளே போனார், கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். சனத்தையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். மூன்றாம் தடவை போய் வந்தபோது அவருக்கும் அவர் சனத்துக்கும் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன, தொண்டை கட்டிவிட்டது. வாசற்படியில் விழுந்து இரண்டு கையையும் பிசைந்தார்.

"தாயே, அந்த மட்டையைக் கொஞ்சம் வெளியே எடு."

"நனைஞ்ச மட்டைங்க. வெளியில எங்க வெயில்? அடுப்புலதான் காயணும்" என்றாள் செம்பாயி.

ஈத்தலைவர் பதில் சொல்ல வாய் திறந்தார். ஙொய் என்ற சத்தம்தான் வந்தது. கரையே கைகொட்டிச் சிரித்தது. கயிலன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

நாள்கணக்கில் புகை குடித்த மீன் கறுத்து, கட்டை மாதிரி இறுகி, தை வரை கெடாமல் இருந்தது. பிள்ளைகள் ஒரு நாளும் பசியோடு படுக்கவில்லை. அடுத்த வருஷம் ஊரே தன் சூரையைச் செம்பாயி வீட்டுப் பரணுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது.

அவள் வம்சத்தார் இன்றும் மீனுக்குப் புகை போடுகிறார்கள். காய்ந்த விறகு மலையாகக் குவிந்து கிடந்தாலும் மட்டையை ஊறவைத்துத்தான் அடுப்பில் வைப்பார்கள். புகை எழுந்ததும் வீட்டு மருமகள் கதவை அகலத் திறந்து, "ஈயாரே, வந்து உட்காருங்க" என்று மூன்று முறை கூப்பிடுவாள். இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அன்று சிவந்த கண் ஈக்கு இன்னும் வெளுக்கவில்லை, போன பேச்சும் திரும்பவில்லை. அன்று முதல்தான் அது எங்கே போய் உட்கார்ந்தாலும், செம்பாயி வாசல் என்று நினைத்துக்கொண்டு, முதலில் இரண்டு கையையும் பிசைகிறது.