அடுத்த வீட்டுக் கவளம்

"தாயே, எனக்கு உபதேசம் எப்போ?"

தினமும் காலையில் ஏகாம்பரம் கேட்கிற கேள்வி இது.

தவமணி அம்மையும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "திருவோட்டை எடுத்துக்கிட்டுப் பிச்சைக்குப் போயிட்டு வாங்க அய்யா. வந்ததும் பேசலாம்."

"அது ஒண்ணைத் தவிர வேற எது வேணும்னாலும் சொல்லுங்க."

"வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லையே."

செய்யாற்றங்கரையில் இருந்தது அந்தச் சின்ன மடம். அதில் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் ஊருக்குள் போய்க் கையேந்தித்தான் சாப்பிட வேண்டும். மடத்துத் தலைவியான அம்மையே போவார். போகாதவர் ஏகாம்பரம் ஒருத்தர்தான்.

மனுஷர் டவுனில் காலமெல்லாம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். இலை முன்னால் உட்கார்ந்தவனை அரை வயிற்றோடு எழுந்திருக்க விட்டதில்லை. "போதும்" என்று கையை மறித்தால், விரலிடுக்கு வழியே குழம்பை ஊற்றிவிட்டுப் போகிற ரகம். அம்மையைவிட வயசிலும் ரொம்பப் பெரியவர்.

"குடுத்தே பழகின கை தாயே. ஏந்தச் சொன்னா நீளமாட்டேங்குது" என்பார்.

"சரி, நீளுற வரைக்கும் பூரணியைப் பார்த்துக்குங்க."

பூரணி மடத்துப் பசு. அப்போதுதான் கன்று போட்டிருந்தது.

ஏகாம்பரம் வைக்கோல் போரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒரு தாளை உருவிக் கடித்தும் பார்த்தார். த்தூ!

"இத்தனை நாளும் இதையா தின்னுச்சு? அடப் பாவமே!"

அடுத்த வீட்டுக் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, போர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அவளிடம் ஒரு மோழை மாடு இருந்தது. அதுக்குக் கொம்பும் கிடையாது, சதையும் கிடையாது.

"உன் மாட்டுக்கு இது போதும்மா" என்றார்.

கன்னியம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்த வைக்கோலை விடுவாளா? அள்ளிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து ஏகாம்பரத்தின் சொந்தக் காசில் பூரணிக்கு விருந்துதான். குழைய வடித்த சோறு, வெல்லம் போட்டுக் கரைத்த மக்காச்சோள மாவு, கொல்லை வாழைப்பழம். பால் குடம் குடமாய்க் கறந்தது. வந்தவர் போனவரெல்லாம் மோர் குடித்துவிட்டு ஏகாம்பரத்தை மெச்சினார்கள். அம்மையும்தான் குடித்தார்.

மாட்டுப் பொங்கல் அன்று ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலைப் பூரணி முன்னால் வைத்தார் ஏகாம்பரம்.

"இன்னிக்கு உன் நாளு. தின்னுடி ராசாத்தி."

ராசாத்தியும் அண்டாவை நக்கிச் சுத்தம் செய்தாள்.

விடிந்தபோது பூரணி எழுந்திருக்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணீராய்ப் போயிருந்தது, புளித்த மாவு வாடை. கன்று முட்டி முட்டிப் பார்த்தது. மடியில் சொட்டுப் பால் இல்லை.

ஏகாம்பரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாட்டு டாக்டர் வந்தார். ஊசி போட்டார், சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வைக்கோல் எங்கே?"

ஏகாம்பரம் நடந்ததைச் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெரியவரே, மாட்டு வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடி கோடியா இருக்கு. வைக்கோலை அதுங்கதான் மாட்டுக்குச் சமைச்சுப் போடுதுங்க. நீங்க சோறும் வெல்லமுமா கொட்டினீங்க, உள்ளே புளிச்சுப்போச்சு. அதுங்கள்ல பாதிக்கு மேல செத்திருக்கும்."

அவ்வளவு கவலைக்கு நடுவிலும் ஏகாம்பரத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"வயித்துக்குள்ள சமையல்கட்டா?"

"ஆமா. இப்ப அடுப்பு அணைஞ்சு கிடக்கு. மருந்து புளிப்பை எடுத்துடும். செத்ததுக்கு நான் எங்கே போவேன்? நல்லா அசைபோடுற மாட்டு வாயிலேர்ந்து ஒரு கவளம் கிடைச்சா, அதோட அந்த உசுருங்களும் வரும். மாடு பொழைச்சாலும் பொழைக்கும். பக்கத்துல அப்படி ஒரு மாடு இருக்கா?"

ஏகாம்பரம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

அம்மை உள்ளே போனார். திருவோட்டை எடுத்துவந்து ஏகாம்பரத்தின் கையில் வைத்தார்.

"தாயே, வேணும்னா காசு குடுத்து..."

"கவளம் எந்தக் கடையில விக்குது அய்யா?"

கன்று கத்தியது. ஏகாம்பரம் நடந்தார்.

வாசலில் அவரைப் பார்த்ததும் கன்னியம்மா இடுப்பில் கை வைத்தாள். "வாங்க பெரியவரே! இன்னிக்கு என்ன தர்மம் கொண்டாந்தீங்க?"

ஏகாம்பரம் ஓட்டை நீட்டினார்.

"பிச்சை கேட்டு வந்தேம்மா" என்றார். பூரணியின் நிலையைச் சொன்னார். கன்னியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மோழை வேப்ப நிழலில் படுத்திருந்தது. முன்னால் ஒரு துரும்பு இல்லை. ஆனால் அரைக் கண் மூடிக்கொண்டு வாய் அரைத்துக்கொண்டே இருந்தது.

ஏகாம்பரத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒண்ணுமே இல்லையே, எதைம்மா மெல்லுது?"

"முன்னாடி தின்னதைத்தான். வைக்கோல் லேசுல மசியுமா? மேல வரவழைச்சு மென்னு மென்னுதான் இறக்கணும். வயித்துல காதை வெச்சுப் பாருங்க."

அவர் மண்டி போட்டு, மாட்டின் இடப்பக்க வயிற்றில் காதை வைத்தார்.

குடுகுடுவென்று ஒரு சத்தம். அடங்கியது. மறுபடி குடுகுடுவென்றது. பெரிய அண்டாவில் உலை கொதிக்கிற சத்தம்! எத்தனையோ வருஷம் கேட்ட சத்தம். கிழவர் காதை எடுக்கவே மறந்துபோனார்.

"தள்ளுங்க பெரியவரே."

கன்னியம்மா கடைவாயில் கையை விட்டு, மென்றுகொண்டிருந்த கவளத்தை நுரையோடு வழித்தெடுத்து ஓட்டில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டு வைக்கோலையும் கொண்டுவந்து அவர் தலையில் ஏற்றினாள்.

"உங்க வைக்கோல்தான். இன்னும் வேணுமா?"

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் மாட்டுக்கு இது போதும்மா" என்றார்.

கவளத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பூரணிக்குப் புகட்டினார்கள். ஏகாம்பரம் வைக்கோலை ஒவ்வொரு தாளாக அதன் வாயருகே நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஒரு தாளைப் பூரணி நாக்கால் சுருட்டி இழுத்தது.

மறுநாள் காலை அதன் வயிற்றில் காதை வைத்தார். சத்தமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

குடு.

நிமிர்ந்து பார்த்தார். பூரணியின் வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கன்று துள்ளிக்கொண்டு மடிக்கு ஓடியது. ஏகாம்பரம் சின்னப் பிள்ளைபோல விசும்பி விசும்பி அழுதார்.

அழுது முடித்துக் கிணற்றடிக்குப் போனபோது, அம்மை பிச்சைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தார்.

"என்ன அய்யா, இன்னிக்கு உபதேசம் கேக்கலையா?"

ஏகாம்பரம் திருவோட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தெருவுலேர்ந்து ஆரம்பிக்கணும் தாயே?"