சிறைக்குள் சென்ற பானை

பூட்டிய கதவுக்கு இப்புறமும் அப்புறமும் ஒருவனாகவே நிற்கும் பெருமானே, கேட்பவர் நெஞ்சில் முதலில் நீ வந்து அமர்வாய். உன்னை அமர்த்திய பிறகே மற்றவர் பெயரை எடுக்கிறோம்.

நெடுங்கரை என்னும் ஊரில் மாசிலாமணியார் என்றொரு நடுவர் இருந்தார். வழக்குத் தீர்ப்பதும், ஊர்நாயகரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஓலைப் பானையைக் காப்பதும் அவர் பணி. ஊர்நாயகர் பதவி எளியதன்று. ஏரியின் மதகும் அவர் பொறுப்பு. சிறையின் கதவும் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் கரை உடையாமல் மண் சுமக்கச் சிறையாட்களை அனுப்புவதும் அவரே. அவரை ஊரார் பெயர் எழுதிய ஓலை நறுக்கைப் பானையில் இட்டுத் தேர்ந்தெடுப்பது வழக்கம். சிறையில் இருப்போர்க்கு அதில் பங்கில்லை.

அந்த ஆண்டு சிறையாட்கள் காவலரிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினார்கள்.

"நாங்களும் ஓலை போட வேண்டும்."

ஊர் சிரித்தது. பிறகு சினந்தது. பிறகு மாசிலாமணியாரின் முகத்தைப் பார்த்தது. ஏனெனில் சிறையில் இருந்தவர்களில் ஒருவன் அவருடைய உடன்பிறந்த தம்பி ஐயாறப்பன். வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த சண்டையில் மண்வெட்டிக் காம்பால் அடித்து, தாண்டவன் என்னும் உழவனின் காலை முறித்தவன். அவனுக்கு ஏழாண்டுச் சிறை விதித்தவரும் மாசிலாமணியாரே. அன்று ஊர் வாய் நிறைய அவரை வாழ்த்தியது. அந்தப் பெயரைத் தாங்கியே மூன்றாண்டாக அவர் நிமிர்ந்து நடந்தார். வீட்டில் மட்டும் அவருடைய தாயார் அவருக்குத் தம் கையால் சோறு பரிமாறுவதில்லை.

தேர்தலுக்கு முதல் நாள் காலை அவர் பொன்னடி தேசிகரைத் தேடி மடத்துக்குச் சென்றார். தேசிகர் வயதில் அவருக்கு இளையவர். ஆயினும் மாசிலாமணியார் தீக்கை பெற்றுச் சீடரானது அவரிடமே. நந்தவனக் கிணற்றில் தேசிகர் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"சுவாமி, சிறையில் இருப்பவனுக்கு ஓலை உரிமை உண்டா?"

"நீர் என்ன முடிவு செய்தீர்?"

"இல்லை என்று."

"முடிவு செய்த பிறகு எதற்கு இவ்வளவு தூரம் நடந்தீர்?"

மாசிலாமணியார் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

"காரணத்தையாவது சொல்லும்" என்றார் தேசிகர்.

"ஊரின் விதியை மீறியவன், ஊருக்கு விதி செய்பவரைத் தேர்ந்தெடுக்கலாமா? திருடனிடம் ஓலையைக் கொடுத்தால் தனக்கு வேண்டியவருக்குத்தானே போடுவான்?"

"வெளியே இருப்பவர்கள் தமக்கு வேண்டாதவருக்கா போடுகிறார்கள்?"

தேசிகர் குடத்தை ஒரு செவ்வரளியின் அடியில் சாய்த்தார். நீர் இறங்கும்வரை காத்திருந்தார்.

"இது ஊர் சொல்லும் காரணம். உம்முடையது?"

"உண்டு என்று நான் சொன்னால், தம்பிக்காகச் சொன்னான் என்பார்கள்."

"தம்பி உள்ளே இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பீர்?"

மாசிலாமணியார் வெற்றுக் குடத்தை வாங்கி நிமிர்த்தி வைத்தார்.

"யோசித்துப் பார்த்திருப்பேன்."

"தம்பிக்காகக் கொடுத்தால் தராசு சாயும் என்று அஞ்சுகிறீர். தம்பிக்காக மறுத்தால்?"

மாசிலாமணியார் குனிந்து செவ்வரளியின் அடியில் மண்ணை அணைத்தார்.

"உள்ளே உமக்குத் தம்பியல்லாதவர்களும் இருக்கிறார்களே, மாசிலாமணியாரே" என்று சொல்லித் தேசிகர் கையைத் துடைத்துக்கொண்டார். "வாரும். தாண்டவன் வீட்டுக்குப் போவோம்."

"அங்கேயா? எந்த முகத்தோடு போவேன்?"

"இருப்பது ஒன்றுதானே. அதோடு வாரும்."

தாண்டவன் வாசலில் அமர்ந்து வைக்கோற்பிரி முறுக்கிக்கொண்டிருந்தான். வந்தவர்களைக் கண்டு ஊன்றுகோலைத் தேடினான். தேசிகர் கையமர்த்தினார்.

"என்ன சாமி, நொண்டியைப் பாக்க நாலு நல்ல கால் சேர்ந்து வந்திருக்கு!" என்றான். "எனக்கென்ன குறை? ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு ஆடுறவனைத்தானே ஊரே கும்பிடுது. உக்காருங்க."

மாசிலாமணியார் அமரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"தாண்டவா, சிறையில் இருப்பவர்கள் ஓலை போடக் கேட்கிறார்கள். ஐயாறப்பனும் அவர்களில் ஒருவன். நீ என்ன சொல்கிறாய்?"

வைக்கோலை முறுக்கிய கை நின்றது.

"உங்க தம்பியை நான் மன்னிக்கல, ஐயா. வானம் மூடுனாப் போதும், இந்தக் கால் புள்ளை மாதிரி அழுவும். ஏழு வருசம்னு சொன்னீங்க. அதுல ஒரு நாள் குறைஞ்சாலும் உங்க வாசல்ல வந்து படுத்துடுவேன்."

"குறையாது."

"குறையாதுல்ல? அப்ப ஓலையை மட்டும் எதுக்குப் புடுங்குறீங்க?"

மாசிலாமணியார் நிமிர்ந்து பார்த்தார்.

"தீர்ப்பு சொன்ன அன்னிக்கு எதிர்ல நின்னவன் நான். ஏழு வருசம் உள்ள கெடன்னு சொன்னீங்க. ஓலையும் போச்சுன்னு சொன்னீங்களா? என் காதுல விழலியே."

"அது ஊர் வழக்கம், தாண்டவா."

"வழக்கம்! அவன் உள்ள உக்காந்துக்கிட்டு என்ன சொல்றான் தெரியுமா? எவனோ வச்ச ஆளு, எவனோ பூட்டுன பூட்டுன்னு சொல்லிக்கிட்டிருக்கான். கரைக்கு மண்ணு தூக்க வந்தப்ப என் காதாலேயே கேட்டேன். என் காலை விட அதுதான் எனக்கு எரியுது. அவனும் கைவச்சு ஒரு ஆளை உக்கார வைக்கட்டும். அந்த ஆளு கதவைப் பூட்டட்டும். அப்புறம் என்ன பேசுறான்னு பாக்குறேன்."

தேசிகர் தாண்டவனிடம் விடைபெற்றார். இருவரும் திரும்பினார்கள்.

மறுநாள் சபை கூடியது. மாசிலாமணியார் எழுந்து, "சிறைக்குள் ஒரு பானை போகும்" என்றார்.

"மூணு வருசம் மூடி வச்ச அண்ணன் பாசம் பொங்கிடுச்சுடோய்!" என்று பின்வரிசையில் ஒருவன் கூவினான். கூட்டம் நகைத்தது. அவர் நகைப்பு அடங்கும்வரை நின்று, அதே சொற்களை அதே குரலில் மீண்டும் சொன்னார். பிறகு பானையைத் தாமே தோளில் ஏற்றினார். தெருவில் இருபுறமும் நின்றவர்கள் சொன்னவை அனைத்தும் அவர் செவியில் விழுந்தன. நடை தளரவில்லை.

சிறை வாசலில் தாண்டவன் ஊன்றுகோலோடு நின்றிருந்தான்.

"நானும் உள்ள வரேன். என் கண்ணு முன்னாடி போடட்டும். நாளைக்கு எவனும் உங்களை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாருங்க."

பானை தரையில் வைக்கப்பட்டது. தாண்டவன் அதன் அருகே அமர்ந்தான். சிறையாட்கள் ஒவ்வொருவராக வந்து மடித்த ஓலையை இட்டுச் சென்றார்கள். ஐயாறப்பனின் முறை வந்தபோது அவன் தாண்டவனைக் கண்டு தலை கவிழ்ந்தான்.

"எனக்கு வேண்டாம், அண்ணா. என்னால் உங்கள் பெயர் கெட்டுப் போகும்."

"என் பெயரைக் காப்பது உன் வேலையன்று. வேண்டாமென்றால் வெற்று ஓலையைப் போடு. வரிசையை விட்டு மட்டும் நகராதே."

ஐயாறப்பன் நெடுநேரம் ஓலையைக் கையில் வைத்திருந்தான். பிறகு குனிந்து, தாண்டவனின் மடிக்கருகே இருந்த பானைக்குள் அதை இட்டான். தாண்டவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

மாலையில் இரண்டு பானைகளும் சபை நடுவே வந்தன. சபையில் மூத்தவரான அம்பலத்தாடியார் இதமாகச் சொன்னார்:

"நடுவரே, சிறைப்பானையைத் தனியே எண்ணிவிடலாம். நாளை எவரேனும் வழக்குத் தொடுத்தால், அந்த ஓலைகளை மட்டும் தள்ளிவிட வசதியாக இருக்கும். உமக்கும் பழி வராது."

நல்ல யோசனை. வரும் வழியெல்லாம் மாசிலாமணியாரின் உள்ளமும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தது. அவர் சபைக்கு வந்திருந்த தேசிகரைத் திரும்பிப் பார்த்தார். தேசிகர் கண்மூடி அமர்ந்திருந்தார்.

மாசிலாமணியார் சிறைப்பானையைத் தூக்கினார். ஊர்ப்பானையின் வாயில் கவிழ்த்தார். முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டுக் கலக்கினார்.

"இப்போது எண்ணுங்கள்" என்றார்.

எண்ணினார்கள். வென்றவர் எவர் என்பது இக்கதைக்கு வேண்டாத செய்தி.

கூட்டம் கலைந்தபின் குருவும் சீடரும் ஏரிக்கரை வழியே நடந்தார்கள்.

"ஐயாறப்பன் யாருக்குப் போட்டான் என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை, சுவாமி."

"உம் அடுத்த வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார்?"

"அதுவும் தெரியாது."

சிறிது தூரம் சென்றபின் மாசிலாமணியார் நின்றார். சிறையின் கதவு அங்கிருந்தே தெரிந்தது.

"ஆனாலும் அந்தப் பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. இன்னும் நான்கு ஆண்டு."

"தொங்கட்டும்" என்றார் தேசிகர். "நேற்றுவரை உள்ளே கைதி ஒருவன் இருந்தான். இன்று ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான்."

இதைக் கேட்டவர் ஊரில் ஏரி நிறைக. அவர் வாயிலில் நிற்பவர் எவரும் பெயரில்லாதவராய்த் திரும்பாதிருக்க. பெருமான் திருவருள் அவர்க்கு என்றும் துணையாகுக.