படுக்க வைத்த பாட்டில்

தக்கை நொறுங்கும்போது பெரிய சத்தம் எழாது. காய்ந்த ரொட்டியின் ஓரத்தை யாரோ பக்கத்து அறையில் கிள்ளுவது போல இருக்கும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அது தேவசகாயத்தின் காதில் இருந்தது.

தேயிலைத் தோட்ட முதலாளிகளின் மலைக் கிளப். அதன் நிலவறையில்தான் மதுப் பாட்டில்களை வைத்திருந்தார்கள். அன்று காலை பதினொரு மணிக்கு அவர் திறக்கப் பார்த்த ஒரு பாட்டிலின் கழுத்தில் பாதித் தக்கை நின்றது. மீதி உள்ளே விழுந்து மிதந்தது. கசிந்தது போக விஸ்கியும் பாதிதான் இருந்தது.

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் உல்லாசக் கப்பல்களில் ஒயின் பரிமாறியவர். கப்பல்காரர்கள் இனி வேண்டாம் என்றதும் ஊர் திரும்பி, மூன்று வருஷமாகப் பட்லர் இருதயராஜிடம் விஸ்கி கற்றுக்கொண்டிருந்தார். குருவுக்கு முப்பத்தொன்பது. பதினாறு வயதில் அந்த அறைக்குள் வந்தவர். இதுவரை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. முகர்வார்.

பாட்டில், இறந்துபோன உத்தப்பா என்ற முதலாளியுடையது. வீட்டை விட்டுப் போன மகள் என்றாவது திரும்பி வந்தால் அவளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுங்கள் என்று சொல்லி ஒப்படைத்தார். இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அந்த மகள் அன்று இரண்டு மணிக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தாள்.

ஒப்படைத்த பாட்டில் கெட்டால், அதைப் பார்த்துக்கொண்டவருக்கு வேலை இல்லை. கிளப்பில் அது சட்டம். வேலை போனால் பின்கட்டில் கொடுத்த அறையும் போகும். தேவசகாயத்துக்கு வேறு வீடு கிடையாது.

இருதயராஜ் பாட்டிலை முகர்ந்தார்.

“படுக்க வெச்சிருந்தீங்களா?”

“ஆமா.”

“நிக்க வைக்கணும்னு வந்த அன்னிக்கே சொன்னேனே அண்ணே.”

“சொன்னீங்க பட்லர். மத்ததையெல்லாம் நிக்கத்தான் வெச்சேன். இது அருமையான பாட்டில். இதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு இதை மட்டும் படுக்க வெச்சேன். கப்பல்ல உசந்த சரக்கையெல்லாம் அப்படித்தான் வைப்போம்.”

“ஒயின் தக்கையை ஊற வைக்கும். விஸ்கி தக்கையைத் தின்னும்.”

“இப்பத் தெரியுது.”

“எனக்கும் இப்பத்தான் தெரியுது. மூணு வருஷத்துல ஒரு தடவை நான் குனிஞ்சு பாத்திருக்கலாம்.”

தேவசகாயம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேல் தட்டிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான். விஸ்கிக்கு வயசு ஏறறது பீப்பாய்ல மட்டும். பாட்டில்ல அடைச்சிட்டா ஏறாது. அப்ப உத்தப்பா பாட்டிலுக்கு இன்னிக்கும் பன்னெண்டு வயசுதான். இதுவும் அதே கம்பெனி. அதே பார்லி. அதே பன்னெண்டு. இதை அதுல ஊத்திட்டா யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லுங்க.”

இருதயராஜ் நாலு கிளாஸ்களை எடுத்தார்.

“அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

“இதுவா நேரம்?”

“மணி பதினொண்ணேகால்தான் ஆகுது. திரும்புங்க.”

நாலிலும் வெவ்வேறு விஸ்கி ஊற்றி, ஒவ்வொரு கிளாஸாகப் பின்னாலிருந்து நீட்டினார். தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

“மக்காச்சோளம். அமெரிக்கா. இனிப்பா இருக்கு, கரிச்ச புதுப் பீப்பாய் வாசனை.”

“அடுத்தது.”

“ரை தானியம். மிளகு மாதிரி ஏறுது.”

“இது?”

“கலந்தது. முளைகட்டின பார்லிச் சரக்கும் வேற தானியச் சரக்கும். கல்யாண வீட்டு மாமா மாதிரி, எல்லாரோடயும் ஒத்துப்போகும்.”

இருதயராஜ் சிரிக்கவில்லை. நாலாவதை நீட்டினார்.

தேவசகாயம் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஈர அட்டைப்பெட்டி வாசனை. அதற்கு அடியில் எங்கோ கொஞ்சம் புகை, கொஞ்சம் பார்லி.

“உத்தப்பா பாட்டில்,” என்றார்.

“மூக்கு நல்லாப் பழகிடுச்சு.”

“என் மூக்கு பழகிடுச்சு. அந்தப் பொண்ணு மூக்கு பழகலையே. இருபத்தாறு வருஷமா எங்க இருந்ததோ, விஸ்கி குடிக்குமோ குடிக்காதோ. கண்டுபிடிக்கவா போகுது?”

“மாட்டாங்க.”

“அப்புறம்?”

இருதயராஜ் கிளாஸ்களைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தேவசகாயம் மேஜையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

“பட்லர், எனக்கு ஐம்பத்திரண்டு. இனிமே எவன் வேலை குடுப்பான்? வாயைத் திறந்து ஒண்ணு சொல்லுங்க. இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் உண்டா, இல்லையா?”

“நீங்க சொல்லுங்க.”

“இல்ல. சத்தியமா இல்ல.”

“அப்ப ரெண்டு பாட்டிலையும் மேல எடுத்துட்டுப் போங்க. அந்தம்மா முன்னாடி வெச்சு ஊத்துங்க.”

தேவசகாயம் புனலைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஆணியில் மாட்டினார்.

இரண்டு மணிக்கு இரண்டு பாட்டில்களையும் தட்டில் வைத்து மேலே கொண்டுபோனார். கிளப் செயலாளரும் பக்கத்தில் நின்றார். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று தேவசகாயமே சொன்னார்.

உத்தப்பாவின் மகளுக்குத் தலை நரைத்திருந்தது. அவள் நல்ல பாட்டிலைத் தொடவில்லை. அப்பாவின் பாட்டிலிலிருந்தே, நொறுங்கிய தக்கையை மட்டும் வடிகட்டி ஊற்றித் தரச் சொன்னாள். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்றாள்.

செயலாளர் சட்டத்தைத் தளர்த்தவில்லை. அந்த மாதக் கடைசியில் தேவசகாயம் அறையைக் காலி செய்தார். மேட்டுப்பாளையத்தில் ஒரு பேக்கரியில் பதினான்கு வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருந்து, அங்கேயே இறந்துபோனார்.