கயிறு இல்லாத கருவூலம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், பராங்குசன் என்றோர் அரசர் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ஒருநாள் ஸ்காட்லாந்து என்னும் குளிர்நாட்டிலிருந்து வந்த வணிகன், "எங்கள் பழைய மொழியில் கால்நடைக்கும் செல்வத்துக்கும் ஒரே சொல்தான்" என்றான். "நம் மொழியிலும் அப்படித்தான் அரசே! மாடு என்றாலே செல்வம்" என்றார் அவைப்புலவர்.

வந்தது வினை.

"அப்படியானால் என் கருவூலத்தில் மாடு ஏன் இல்லை? வீட்டுக்கு ஒரு கறவை மாடு நாளையே அரண்மனைக்கு வரட்டும்!"

நிதியமைச்சர் வல்லபராயருக்கு விகடகவி கூத்தனைக் கண்டாலே வயிறு எரியும். "அரசே, ஓட்டி வரும் பொறுப்பைக் கூத்தனிடம் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் அவனை நாடு கடத்துங்கள். வந்த செல்வத்தைக் காப்பது என் பொறுப்பு. இரும்புக் கதவு இருக்கவே இருக்கிறது" என்றார். அரசரும் தலையசைத்தார்.

மறுநாள் கூத்தன் போன முதல் வீட்டிலேயே வெள்ளையம்மாள் வழிமறித்தாள். "சாமி, எனக்கு இருக்கறது இந்த ஒத்த மாடுதான். இதையும் ஓட்டிக்கிட்டுப் போனா எம்புள்ளைங்க கஞ்சிக்கு எங்க போகும்?"

கூத்தனுக்கு நெஞ்சு கொதித்தது. இந்த மாடு இன்றே இதே தொழுவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டினான்.

"மாட்டக் குடு தாயி. கன்னுக்குட்டி இங்கயே நிக்கட்டும். மாடு கைமாறும்போது கயித்தக் குடுக்கற வழக்கம் உண்டா?"

"கயித்தக் குடுத்தா தொழுவத்து லட்சுமியே போயிருமே சாமி!"

"அப்ப அவுத்து நீயே வெச்சுக்க."

வீட்டுக்கு வீடு இதையே சொன்னான். பிற்பகலுக்குள் ஊர்க் கறவைகள், மேய்ச்சலுக்குப் போவதுபோல், வெறுங்கழுத்தோடு அரண்மனை முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. வல்லபராயர் கதவைச் சாத்திவிட்டு மீசையை முறுக்கினார்.

பால் கறக்கும் நேரம் வந்தது. மடி கனத்து, கன்றை நினைத்து மாடுகள் கத்திய கத்தலில் யாருக்கும் காது கேட்கவில்லை. புதுச் செல்வத்தைப் பார்க்க அரசர் வந்தார். அவருக்காகக் கதவைத் திறந்ததுதான் தாமதம், மொத்த மந்தையும் வெளியே பாய்ந்து, கன்றிருக்கும் வீடுகளைப் பார்த்து ஓடியது. "பிடி! கட்டு!" என்று அலறிய வல்லபராயர், கட்டக் கயிறில்லாமல் ஒரு வாலைப் பிடித்துத் தொங்கியபடி தெருக்கோடிவரை போனார்.

"கூத்தா! கயிறு எங்கே?" என்று அரசர் சீறினார்.

"அரசே, தாங்கள் கேட்டது மாடு. குறைவின்றிக் கொண்டுவந்தேன். மாடு கைமாறினாலும் அதன் கயிறு, மாட்டைக் கொடுத்தவர் வீட்டிலேயே நிற்பதுதான் நம் நாட்டு வழக்கம். பொன்னென்றால் வைத்த இடத்தில் கிடக்கும். இந்தச் செல்வத்துக்கு வீடு இருக்கிறது, கன்று இருக்கிறது. இது ஏழைகளின் கஞ்சி. நாடு கடத்தினாலும் சரி, மறுபடி ஓட்டி வர மாட்டேன்."

அப்போது பட்டுடை முழுக்கச் சாணியோடு வல்லபராயர் வந்து நின்றார். அரசரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டளையை அங்கேயே திரும்பப் பெற்றார். தம் சொந்தப் பசுவை வரவழைத்து, "இது உனக்குப் பரிசு" என்றார்.

கூத்தன் கயிற்றைப் பிடிக்கப் போனான். அரசர் அதை அவிழ்த்துத் தம் தோளில் போட்டுக்கொண்டார்.

"கயிறு என் வீட்டில்தான் நிற்கும், கூத்தா. பொழுது சாய்ந்தால் மாடும் இங்கேதான் வரும்!"

"தெரியும் அரசே. அதனால்தான் கன்றையும் சேர்த்துக் கேட்கலாம் என்று நிற்கிறேன்" என்றான் கூத்தன்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கன்றையும் அவிழ்த்து வரச் சொன்னார்.